கோடைப் பாதை

என் புஞ்சைக்குச் சாலை வசதி இருப்பதுபோலக் காட்டுவதற்காக, அடுத்தவர் புஞ்சையின் குறுக்கே இல்லாத ஒரு சாலையை வரைபடத்தில் போட்டேன். தெரியாமல் செய்த தவறு அல்ல. மேல்நிலைப் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வண்டித்தடத்துக்கும் சாலைக்கும் என்ன வேறுபாடு என்று பல வருடம் கரும்பலகையில் போட்டுக் காட்டியவன்.

அது எப்படிப்பட்ட பாதை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கோவில்பட்டியில் குடியிருந்தாலும் பூர்வீக நிலம் கடம்பூருக்கும் கயத்தாறுக்கும் நடுவே இருக்கிறது. மழையை நம்பிய கரிசல். வருடத்துக்கு ஒரு வெள்ளாமைதான். தை, மாசியில் அறுவடை முடிந்ததும் நிலம் வெறுமையாகிவிடும். பிறகு புரட்டாசி வரைக்கும் யார் புஞ்சை வழியாகவும் யாரும் போகலாம். ஆடு போகும், தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் போவார்கள், பைக் போகும், டிராக்டர் போகும். பங்குனிக்குள் மண் சிமெண்டுபோல இறுகி, நடந்த இடம் வெளுத்த கோடாகத் தெரியும். அதுதான் கோடைப் பாதை. மழைக்கு முன்னால் நிலத்துக்காரர் உழவு போட்டதும் கோடு அழிந்துவிடும். விதைத்த அன்று உடைமரத்தில் ஒரு முள் கிளையை வெட்டி இரண்டு முனையிலும் போட்டுவிடுவார். "முள்ளு போட்டாச்சு" என்று ஒருவர் சொன்னால் போதும், மறுநாளிலிருந்து ஊர் சுற்றிப் போகும். அந்த முள்ளைக் காலால் ஒதுக்கிவிடலாம். யாரும் ஒதுக்குவதில்லை.

என் புஞ்சை அப்படி ஒரு புஞ்சைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. முன்னால் இருக்கும் நிலம் ஆடு மேய்க்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருடையது. அவருடைய அப்பா காலத்தில் வாங்கியது. அவருக்கு இப்போதும் ஆடுகள் உண்டு. அதோடு விவசாயமும் பார்க்கிறார். என்னைவிட இளையவர். என்னை 'ஸார்வாள்' என்றுதான் கூப்பிடுவார். கோடையில் நான் அவர் புஞ்சை வழியாகப் போவேன். முள் விழுந்த பிறகு ஓடைக்கரையைச் சுற்றிப் போவேன். ஓடைக்கரை நடக்கத்தான் ஆகும், வண்டி போகாது. என் அப்பா காலத்திலும் அப்படித்தான்.

இனி அந்தக் கருவியைப் பற்றி.

என் மகன் ஜெர்மனியில் இருக்கிறான். ஓய்வு பெற்ற பிறகு ஒரு கோடைகாலம் அவனோடு போய்த் தங்கியிருந்தேன். காரில் மலை தாண்டிப் பக்கத்து நாட்டுக்குப் போவதாக ஏற்பாடு. காரின் கண்ணாடியில் ஒட்டிவைத்தால் வழி சொல்லும் ஜி.பி.எஸ். கருவி ஒன்று அவனிடம் இருந்தது. அதில் அந்த நாட்டு வரைபடம் மட்டுமே உண்டு. எல்லை தாண்டினால் கார் வெற்றுத் திரையில் மிதக்கும்.

"வேற நாட்டு மேப்பு வேணும்னா கம்பெனிக்காரன் அநியாய வெல சொல்லுதான்ப்பா" என்றான் மகன். "போன்லயே பாத்துக்கிடுவோம்."

"மலைக்குள்ள சிக்னல் கெடைக்காட்டி?" என்று கேட்டேன்.

வீட்டில் எனக்கும் வேலை இல்லை. கணினி முன்னால் உட்கார்ந்து தேடினேன். உலகம் முழுக்க ஆர்வமுள்ளவர்கள் சேர்ந்து வரையும் இலவச வரைபடம் ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அதைக் கருவிக்கு ஏற்ற கோப்பாக மாற்றி யாரோ ஒருவர் இணையத்தில் வைத்திருந்தார். வேண்டிய நாடுகளைக் கட்டம் கட்டமாகத் தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்ளலாம். இறக்கிய கோப்பை மெமரி கார்டில், கருவி எதிர்பார்க்கும் பெயரிலேயே வைக்க வேண்டும். பெயரை மாற்றினால் கருவிக்குத் தெரியாது. கார்டைச் செருகிய பிறகு பழைய வரைபடத்தை அணைத்துப் புதியதை இயக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழப்பும். முதல் முறை நான் அணைக்க மறந்துவிட்டேன். வீட்டு வாசலில் நின்ற காரை ஏரிக்குள் நிற்பதாகக் காட்டியது. பிறகு சரியாகிவிட்டது.

அந்த வரைபடம் எங்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது. மலைமேல் ஒரு சின்ன ஊரில் மாதா கோவிலுக்குப் பின்னால் குடிதண்ணீர்க் குழாய் இருப்பதாகக் காட்டியது. போய்ப் பார்த்தோம், இருந்தது. தண்ணீர் பிடித்துக் குடித்தோம். முன்பின் தெரியாத ஒருவர் இதைக் குறித்து வைத்திருக்கிறார், நம்மை மாதிரி ஒருவன் தாகத்தோடு வருவான் என்று. அந்த எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. அன்று இரவே நம் ஊரை அதில் தேடினேன். நாற்கரச் சாலை ஒரு கோடு, ரயில் பாதை ஒரு கோடு. மற்றதெல்லாம் வெறும் வெளுப்பு.

ஊருக்குத் திரும்பியதும் வரையத் தொடங்கினேன். யார் வேண்டுமானாலும் வரையலாம். புனைபெயர் ஒன்று இருந்தால் போதும். பஸ்ஸில் போய் இறங்கி, செல்போனில் தடத்தைப் பதிந்துகொண்டு நடப்பேன். ஓடை, ஊருணி, தீப்பெட்டி ஆபீஸ், ரேஷன் கடை, குடிதண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் குறித்தேன். எங்கள் பக்கம் வரைபவன் நான் ஒருவன்தான் என்று தெரிந்தபோது பெருமையாகவும் இருந்தது. அந்த வருடங்களில் நான் வரைந்தவை எல்லாம் சரியானவை. ஒன்றைத் தவிர.

சோலார் கம்பெனிக்காரர்கள் எங்கள் பக்கம் நிலம் கேட்டு வந்தார்கள். தரகர் என் புஞ்சையைப் பார்த்துவிட்டு, "நெலம் தங்கம் ஸார். ஆனா பாத இல்லயே. மேப்புல ரோடு காட்டுனா நாம தைரியமாப் பேசலாம்" என்றார். பக்கத்துப் புஞ்சைக்காரரிடம் ஒரு வண்டி போகிற அளவு விட்டுத் தரச் சொல்லிக் கேட்டேன்.

"கோடைல தாராளமாப் போங்க ஸார்வாள், யாரு தடுத்தா?" என்றார். "வெதச்ச பொறவு வழி விட்டா என் புஞ்ச ரெண்டு துண்டால்லா போவும்? நடுவ உழவு மாடு திரும்புமா, டிராக்டர் திரும்புமா? அது மட்டும் கேக்காதீய."

அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தேன். அவர் புஞ்சையின் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். இது என்ன வகை என்று திரை கேட்கும்: நடைபாதையா, வண்டித்தடமா, ஊர்ச்சாலையா. வண்டித்தடம் என்று குறித்திருந்தால் கருவிகள் காரை அந்தப் பக்கம் அனுப்பாது. நான் ஊர்ச்சாலை என்று குறித்தேன். சேமித்தேன். தரகருக்குப் போன் செய்து, "இப்போ பாருங்க" என்றேன்.

அந்தப் பேரம் படியவே இல்லை. கம்பெனி ஆட்கள் சர்வேயரைக் கூட்டிவந்து சர்வே கல்லைப் பார்த்து அளந்தார்கள். என் கோட்டை அவர்கள் மதிக்கவே இல்லை. அப்போதே நான் அதை அழித்திருக்கலாம். இன்னொரு கம்பெனி வரலாம் என்று விட்டுவைத்தேன்.

அடுத்த கார்த்திகை தொடக்கத்தில் மகனும் மருமகளும் வந்தார்கள். வருவதற்கு முன் மகன் போனில் கேட்டான்: "நம்ம கருவிய எடுத்துட்டு வாரேன். மதுரைல வாடகைக் காரு. இந்தியாவுக்கு மேப்பு ஏத்தித் தாங்கப்பா." அந்தக் கருவிக்கு நம் ஊர்தான் வெளிநாடு. நான் புதிய கோப்பை இறக்கி அவனுக்கு அனுப்பி, எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். என் கோடு அதற்குள் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அனுப்பியிருப்பேனோ என்னவோ.

எங்கள் குலசாமி கோவில் என் புஞ்சையை ஒட்டி இருக்கிறது. பொங்கல் வைக்க நான் காலையிலேயே போய்விட்டேன். மகனும் மருமகளும் மதுரையிலிருந்து நேரே வருவதாகப் பேச்சு. முந்தின நாள்வரை மழை. நான் அடுப்பு மூட்டி அரிசி களைந்துகொண்டிருந்தபோது பக்கத்துப் புஞ்சையிலிருந்து சத்தம் கேட்டது.

"ஏலே! ஏலே! எவம்லே அது, வெள்ளாமைக்குள்ள வண்டிய விடுதவன்!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். பூவெடுத்து நின்ற உளுந்துக்கு நடுவே வெள்ளைக் கார் ஒன்று பாதிச் சக்கரம் புதைந்து நின்றது. முள்ளை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்திருக்கிறான் என் மகன். வெளியூரிலேயே படித்து வளர்ந்தவன். அந்த முள்ளுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்ததில்லை. கரிசல் ஈரமானால் பிசின்தான். அவன் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, சக்கரம் செடியோடு மண்ணைச் சுருட்டி உள்ளே அடைத்துக்கொண்டது.

நிலத்துக்காரர் கையில் தொரட்டியோடு நின்றார். என் மகன் என்று தெரிந்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஸார்வாள் மகனா? என்ன தம்பி, கண்ணு தெரியலயா? முள்ளு போட்டுருக்கேம்லா."

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. இதுல ரோடுன்னு காட்டிச்சு." மகன் கருவியைக் கழற்றிக் காட்டினான்.

அவர் அதை வாங்கி வெயிலுக்கு மறைத்துப் பார்த்தார். "இது என் புஞ்சையால்லா இருக்கு. இந்தக் கோட்ட எவம் போட்டது?"

"யாரு வேணும்னாலும் போடலாம் அண்ணாச்சி. சும்மா பொழுதுபோக்குக்கு வரையுதாங்க."

"சும்மா வரைஞ்சானா? சும்மா இருக்கக் கூடாதா அவன்?" என்றவர் என் பக்கம் திரும்பி, "எவனோ சீமைக்காரன் வரைஞ்சிருப்பான், என்ன ஸார்வாள்? நம்மூருக்காரன் முள்ளுக்குள்ள ரோடு போட மாட்டான்" என்றார்.

நான் கையில் களைந்த அரிசியோடு நின்றுகொண்டிருந்தேன். "இருக்கும்" என்றேன். வரைபடத்தில் போட்ட கோட்டைவிட அந்த ஒரு சொல்தான் இப்போதும் எனக்குக் கனமாக இருக்கிறது.

காரை இழுக்க டிராக்டர் வந்தது. அது காரைவிட ஆழமாகக் கிழித்தது. புஞ்சையின் நடுவே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இரண்டு வாய்க்கால்போலத் தடம் விழுந்தது. மழை வெள்ளாமையில் ஒரு தடவை போனது போனதுதான். கார்த்திகையில் மறுபடி விதைக்க முடியாது. மகன் நஷ்டத்துக்குக் கொடுக்கப் போன பணத்தை அவர் வாங்கவில்லை. "மேப்பு செஞ்ச தப்புக்கு நீங்க என்ன செய்வீய" என்றார்.

மறுநாளே கோட்டை அழித்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. இலவச வரைபடத்தில் அழிப்பது மூலத்தில்தான். அதற்கு முன் இறக்கியவர்கள் கையில் பழைய பிரதி அப்படியே இருக்கும். அதை எடுத்து வேறு செயலிகளில் வைத்திருப்பவர்களும் உண்டு. என் கோடு எத்தனை கார்டுகளில், எத்தனை போன்களில் ஏறியிருந்தது என்று எனக்குத் தெரியாது. கூரியர் வேன் வந்தது. காற்றாலை வேலைக்கு வந்த ஜீப் வந்தது. தடம் ஏற்கெனவே விழுந்திருந்ததால் வந்தவர்களுக்குச் சந்தேகமும் வரவில்லை. கோடை வந்ததும் தடம் இன்னும் அகன்றது. அவர் ஆடுகளை மனைவியிடம் விட்டுவிட்டுப் புஞ்சை முனையில் குடையோடு நிற்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு நடந்தது நான் எதிர்பாராதது. ஒருநாள் வரைபடத்தைத் திறந்தால், அழித்த கோடு அதே இடத்தில் மறுபடியும் இருந்தது. ஏதோ ஒரு நாட்டில் இருக்கும் அன்பர் ஒருவர் போட்டிருந்தார். நான் எழுதிக் கேட்டேன். மிகுந்த மரியாதையோடு பதில் எழுதினார்: புதிய செயற்கைக்கோள் படத்தில் சாலை தெளிவாகத் தெரிகிறது, நீங்களே பாருங்கள். பார்த்தேன். தெரிந்தது. நான் பொய்யாகப் போட்ட கோட்டை நம்பி வந்த வண்டிகள் நிஜமாகவே ஒரு கோட்டைப் போட்டிருந்தன. அவருக்கு விளக்கி எழுதி, அது தனியார் நிலம், கோடையில் மட்டும் நடக்கும் பாதை என்று மாற்றினேன். அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

ஆனால் அதற்குள் ஊரில் வேறு பேச்சு வந்துவிட்டது. வண்டி ஓடுகிற பாதைதானே, கிராவல் அடித்துவிடலாம் என்று பஞ்சாயத்தில் பேசிக்கொண்டார்கள். அடுத்த கிராம சபையில் தீர்மானம் வரும் என்று கேள்விப்பட்டேன். கிராவல் விழுந்துவிட்டால் அந்தப் புஞ்சை என்றைக்கும் இரண்டு துண்டுதான்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். ஆட்டுக் கிடைக்கு முள் கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி குட்டிகளுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கோட்டைப் போட்டது நான்தான்" என்றேன்.

முள்ளைக் கையில் பிடித்தபடி அவர் நிமிர்ந்தார். "தெரியாமப் போட்டியளா?"

"தெரிஞ்சுதான். என் நெலத்துக்கு வெல கூடும்னு."

அவர் முள்ளைக் கீழே போட்டார். "ஒரு வருசமா எவனோ சீமைக்காரன்னு நெனச்சு வைஞ்சிக்கிட்டுக் கெடக்கேன். அவன் ஆத்தாளக்கூட விட்டு வைக்கல. அம்புட்டும் உங்க ஆத்தாளுக்கா போச்சு?"

"வாயக் கழுவுங்க" என்றார் மனைவி. "அவிய அம்மா தங்கமான மனுசி."

"அதுக்குத்தான் சொல்லுதேன். பாவம், அந்தம்மா என்ன செஞ்சாவ?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? சபைல சொல்லுவியளா?"

"சொல்லுதேன்."

"சொல்லுங்க பாப்போம்" என்று மறுபடியும் முள்ளை எடுத்துக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

கிராம சபை பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்தது. என்னிடம் படித்த ஒருவர்தான் வார்டு மெம்பர். அவர் தன் போனைத் தூக்கிக் காட்டினார்; அதில் பழைய பிரதிதான் இருந்தது. "மேப்புலயே ரோடுன்னு வருதுல்லா. ரெண்டு லோடு கிராவல் அடிச்சா எல்லாருக்கும் நல்லது." நான் எழுந்தேன். அது சாலை இல்லை, இவருடைய புஞ்சை, என் ஆதாயத்துக்காக நான் போட்ட பொய்க்கோடு என்று சொன்னேன். மகனுடைய கார் மாட்டிக்கொண்ட அன்று பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

 வார்டு மெம்பர், "ஸார், நெசமாவா? மேப்புல ஒரு ஊரத் தள்ளிக் குறிச்சா எங்க முட்டியப் பேத்துருவியளே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "அப்பம் ஸார்வாள் முட்டிய யாரு பேக்குறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நிலத்துக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தீர்மானத்தை எடுக்காமலே சபையைக் கலைத்தார்கள்.

மகனுக்கும் போனில் சொன்னேன்.  "நான் அவியகிட்ட மன்னிப்புக் கேட்டப்போ நீங்க பக்கத்துலதானப்பா நின்னீங்க" என்றான். ஆமாம் என்றேன். "சரி, புது மேப்பு அனுப்புங்க. கார்ட அழிச்சிருதேன்" என்றான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் பேசியதில்லை.

கிராவல் வரவில்லை. ஆனாலும் பழைய கார்டோடு வரும் வண்டிகள் நிற்கவில்லை. அவர் கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போட முடிவு செய்தார். செலவை நான் ஏற்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"உங்க வேலிக்குள்ள நான் வெள்ளாமை வைக்கவா?" என்றார். கொஞ்சம் கழித்து, "கம்பி இழுக்க ஒரு ஆளு வேணும். வாரியளா?" என்றார்.

போனேன். வேலை முடியும்வரை கம்பியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இன்னும் இழுங்க", "விடாதீய" என்பதைத் தவிர அவர் வேறு பேசவில்லை. கையெல்லாம் கீறல்.

அடுத்து வந்த கோடையில் பாதை இல்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்கள் வெயிலில் ஓடைக்கரையைச் சுற்றினார்கள். போகும்போதும் வரும்போதும் அவரைத்தான் திட்டினார்கள். "மனுசன் நடக்கக்கூட வழி விடாம அடச்சிட்டாரே, இவருல்லாம் எப்படி வெளங்குவாரு?" நான் பஸ் நிறுத்தத்தில் அவர்களிடம் நடந்ததைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். மறுநாளும் அவரைத்தான் திட்டினார்கள். வேலி அவருடையதுதானே. அவர் நிலத்தைத் துண்டாகாமல் மீட்டுக் கொடுத்தேன் என்று எனக்குள் சொல்லிக்கொள்ள முடிந்தது. ஆனால் அப்பா, தாத்தா காலம் முதல் ஒரு முள் கிளையை மட்டும் நம்பி இருந்த ஏற்பாடு என்னால் போய்விட்டது.

இந்த வருடம் அறுவடைக்குப் பிறகு அவர் வேலியின் இரண்டு பக்கமும் ஒரு கடவு வைத்திருக்கிறார். இரண்டு கல்லை நெருக்கி நட்டு, நடுவே கம்பியைப் பிரித்துவிட்டிருக்கிறார். ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம். ஆடு போகும். சைக்கிள்கூட நுழையாது. பெண்கள் அந்த வழியாகத்தான் போகிறார்கள். திட்டுவது நின்றுவிட்டது.

நான் சுற்றித்தான் போகிறேன். போன வாரம் ஓடைக்கரையில் நான் போவதைப் பார்த்து அவர் புஞ்சைக்குள்ளிருந்து சத்தம் கொடுத்தார்.

"ஏன் சுத்துதீய? கடவு கெடக்குல்லா."

"நடந்தா நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றேன்.

"நல்ல டாக்டருதான்" என்றுவிட்டு ஆடுகளின் பின்னால் போய்விட்டார்.

அவருடைய வேலியை வரைபடத்தில் வரைந்துவிட்டேன். கடவை வரையவில்லை. அது அவர் விட்ட வழி. விதைப்புக்கு அவர் அதை அடைத்துவிடுவார். பிறகு திறப்பதும் திறக்காததும் அவர் விருப்பம்.